பேசிக்கிட்டே நடங்க

குழாய் மறுபடியும் கட்டில் காலில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் மூக்கு கூடவே வருகிறது. மாட்டுக்காவது மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் இருக்கும், இங்கே மாடும் நானே, பிடிக்கிற ஆளும் நானே. குனிந்து எடுத்துவிடலாம்தான், குனிந்தால் மூச்சு முட்டும், நிமிர்ந்து அதைத் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது போய்விடும், அதனால் கால் பெருவிரலால் மெல்ல நெம்பி நெம்பி, ஆ, விட்டது. நல்ல நீளமான குழாய்தான். படுக்கிற அறையில் ஆக்சிஜன் மிஷின் உட்கார்ந்துகொண்டு உர்ரென்று இரைய, நான் சமையல்கட்டு, கூடம், நடை, வாசற்படி என்று இழுத்துக்கொண்டே போகலாம். கேட்டுக்கு மட்டும் ஒரு கை தூரம் எட்டாது. பால் போடுகிறவர் கேட்டுக்கு மேலே கையை நீட்டுவார், நான் இந்தப் பக்கமிருந்து நீட்டுவேன். "ஏனுங்கக்கா, கொழாயை நீட்டறதுக்குப் பதிலா கேட்டை உள்ள தள்ளி வெச்சுப் போடலாமுங்களா?" என்று ஒருநாள் கேட்டார். சிரிப்பு வந்தது, சிரித்ததும் இருமல் வந்தது, இருமி முடித்து நிமிர்ந்தபோது அவர் அடுத்த தெருவுக்குப் போயிருந்தார். பாவம், அவருக்கும் எத்தனை வீடு. அன்றைக்கு முழுக்க எனக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான்.

இன்றைக்கு அப்படி இல்லை, இன்றைக்குப் பெனிட்டா கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் என்னை மாதிரி நெஞ்சு கெட்டவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண், வயசு பேத்தி வயசு, அதட்டல் மட்டும் மாமியார் அதட்டல். முதலில் போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மூச்சு வாங்குகிறது என்று வந்தவளை நட என்றால், கையைத் தூக்கு என்றால், நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திரு என்றால்? நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று நானும் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. "நுரையீரலை என்னால மாத்த முடியாதும்மா. காலை மாத்தலாம். காலுக்குப் பலம் வந்தா அது கம்மியா மூச்சு கேக்கும்" என்றாள். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது, தின்பது குறைந்தால் சமைப்பது குறையும். சூடான காபியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மூச்சை விடச் சொல்லிக்கொடுத்தாள், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கச் சொன்னாள், கடைசியில் வீட்டுக்கு அனுப்பும்போது விரலை ஆட்டி, "வீட்டுல நடக்கறப்ப ஒரே ஒரு சட்டம். பேசிக்கிட்டே நடங்க. ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடிஞ்சா சரியான வேகம். பேச முடியலைன்னா உடம்புக்கு மீறி நடக்கறீங்கன்னு அர்த்தம், உடனே நின்னு உக்காந்துருங்க." ஆருகிட்டப் பேசறது கண்ணு என்று கேட்டேன். "யார்கிட்டயாவது" என்றாள். யார்கிட்டயாவது! வீடு நிறைய ஆள் இருப்பவர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. நான் இவரிடம் பேசிக்கொண்டு நடக்கிறேன், போட்டோவில் இருக்கிற ஆறுச்சாமியிடம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு நேரம் பொறுமையாக நான் சொல்வதைக் கேட்டது இப்போதுதான். குழம்புக்கு உப்புப் போடவில்லை என்பதிலிருந்து மேல்வீட்டில் மோட்டார் போடாதது வரைக்கும் எல்லாம் சொல்லியாகிவிட்டது. வாசற்படிக்குப் போய்த் திரும்பி வருகிற வரைக்கும் விடாமல் பேசுகிறேன், ஒருநாள்கூட நிற்கவில்லை. வந்து உட்காரும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது, விரலெல்லாம் நடுங்குகிறது, அது கிடக்கட்டும், பேச முடிகிறதல்லவா, சட்டம் அதுதானே.

இன்றைக்கு அதைப் பார்க்கத்தான் வீடியோவில் வருகிறாள். பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்வாள், இந்தம்மா தனியாக இருக்கலாம் என்றோ இருக்கக் கூடாது என்றோ. இருக்கக் கூடாது என்றால் சுகந்தி ஓசூரிலிருந்து வந்து என்னைக் கூட்டிப்போய்விடுவாள். என் ஒரே மகள். அப்படித்தான் பேச்சு. "டாக்டர் தனியா இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா நான் வந்து கூட்டிட்டுப் போயிர்றேம்மா" என்று போனில் சொன்னாள், கேஸ் கனெக்‌ஷனை வேறு ஊருக்கு மாற்றுகிற மாதிரி. கோயமுத்தூரிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை, காரில் போனால் ஒரு பகல். ஆனால் நான் போகமாட்டேன். மாப்பிள்ளை மஸ்கட்டில், பையன் திருச்சியில் ஹாஸ்டலில், அவள் காலையில் போனால் இருட்டின பிறகு வருகிறவள். அவள் வீட்டு மூலையில் இந்த மிஷினும் இரையும், பக்கத்தில் நானும் இரைந்துகொண்டு கிடக்க வேண்டும், வருகிற போகிற பெண்டுகளிடம், டாக்டர் சொன்னாரு அதான் கூட்டிட்டு வந்தேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். டாக்டர் சொன்னாராம். டாக்டர் சொல்லித்தான் தாயைக் கூட்டிப்போக வேண்டுமா? எனக்கு வேண்டாம் அந்தச் சீர். இங்கே என் கட்டில் என் சட்டி என் சன்னல். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கரண்ட் போகாமலிருந்தால் நன்றாகத்தான் இருக்கிறேன். போனால் மிஷின் கீயென்று கத்தும், அந்தச் சத்தம் நின்றபின் ஒரு அமைதி வருமே, அதுதான் பொல்லாதது, மூலையில் நிற்கிற சிலிண்டரிடம் போய்த் திருகைத் திறந்து குழாயை மாற்றி மாட்ட வேண்டும், கைக்கு அந்த நேரம் பார்த்துத்தான் விரல் அத்தனையும் கட்டைவிரலாகிவிடும். குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. போட்டு, உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் யார் வந்து உடைப்பார்கள்? பால்காரரா? அவருக்கு கேட் வரைக்கும்தான். இவர் போட்டோவுக்கு விளக்கு வைத்து எத்தனை மாதமாயிற்று, ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் நெருப்பே ஆகாது என்று மிஷின் கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுப் போனார், தீக்குச்சியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. இப்போது இவருக்குச் சின்ன சிவப்பு பல்புதான் எரிகிறது, மாரியம்மன் நோன்புச் சீரியல் செட்டில் ஒன்றைப் பிய்த்து வைத்த மாதிரி. இவர் உயிரோடிருந்தால் சிரித்திருப்பார்.

போன் அடிக்கிறது. எங்கே கண்ணாடி, எங்கே, நெற்றிக்கு மேலேயே இருக்கிறது. பச்சையைத் தொட்டால் பெனிட்டா முகம் பெரிதாக வருகிறது, பின்னால் ஆஸ்பத்திரிச் சுவர். "அம்மா நல்லா இருக்கீங்களா? சுகந்தி அக்கா மீட்டிங்ல இருக்காங்களாம், முடிஞ்சதும் லைன்ல வர்றேன்னாங்க. நாம ஆரம்பிச்சுரலாம். போனைச் சன்னல்ல நிறுத்தி வையுங்க, நீங்க வாசலுக்குப் போறது, திரும்பி வர்றது ரெண்டும் எனக்குத் தெரியணும்." ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்து நிறுத்துகிறேன், சரிகிறது, பக்கத்தில் உப்பு ஜாடியை முட்டுக் கொடுக்கிறேன், நின்றது. விரலில் ஆக்சிஜன் அளவு காட்டுகிற கிளிப்பை மாட்டச் சொல்கிறாள், மாட்டுகிறேன். மகள் வராததும் நல்லதுதான், அவள் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கால் பின்னும். "என்ன பேசறதுன்னு யோசிக்காதீங்கம்மா. அரிசியும் பருப்பும் சோறு எப்படி ஆக்கறதுன்னு சொல்லிக்கிட்டே நடங்க. நான் சமையலைக் கேக்க மாட்டேன், மூச்சைத்தான் கேப்பேன்." சரி சாமி. நடக்கிறேன். குழாயைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு நடக்கிறேன். "மொதல்ல அரிசியும் தொவரம்பருப்பும் களஞ்சு ஊற வெச்சர்றது. எண்ணெய் காஞ்சதும் கடுகு, சீரகம், சின்ன வெங்காயம் நெறையாப் போடோணும், கஞ்சப்படக் கூடாது." கூடம் தாண்டியாயிற்று. கால் நன்றாகத்தான் இருக்கிறது, பெனிட்டா சொன்னது பொய்யில்லை, கால் அன்றைக்கு மாதிரி இல்லை. "பூண்டைத் தட்டிப் போடோணும். வரமொளகா ரெண்டு." நடையில் வந்ததும் வழக்கம்போல் மார்பில் அந்தப் பட்டி இறுகுகிறது, யாரோ பின்னாலிருந்து துண்டைப் போட்டுக் கட்டுகிற மாதிரி. ஊது, ஊது. வாசற்படி. கேட்டுக்கு வெளியே வெயிலில் ஒரு நாய் படுத்திருக்கிறது, அது எத்தனை அனாயாசமாக மூச்சு விடுகிறது, வயிறு ஏறி இறங்குவதைக்கூட அது கவனிக்கவில்லை. திரும்புகிறேன். திரும்பினால் நேர் எதிரே கூடத்துச் சுவரில், சன்னலை ஒட்டி, இவர் போட்டோ. தினமும் இந்த இடத்தில்தான் இவரைப் பார்த்துப் பேச்சை ஆரம்பிப்பேன். எங்கே விட்டேன், பூண்டு, பூண்டைத் தட்டி, "பூண்டு உங்களுக்குப் புடிக்கும், எனக்கு இப்பெல்லாம் வாசமே தெரியறதில்லீங்க. நேத்துக் குளிக்கறப்ப சொம்பைத் தூக்கறேன், மூச்சு வரலை. வரவே இல்லீங்க. அப்பிடியே செவுத்தைப் புடிச்சுட்டு நின்னேன், ஆரையாச்சும் கூப்புடலாம்னு பாத்தா ஒரு பேரும் வாயில வரலை. தனியா இருக்கறது பயமா இருக்குதுங்க. அவ கூப்புட்டா நான் போயிருவேன். ஓடியே போயிருவேன். கூட்டிட்டுப் போறேங்கறா, வாம்மான்னு கூப்புடறாளா? டாக்டர் சொன்னாங்கறா. எனக்கு நீ வேணும்மான்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருப்பாளா? சொன்னா என்னங்க, வாய் வலிக்குமா?" சன்னல் வந்துவிட்டது. ஐயோ. என்ன பேசிவிட்டேன் நான். சோறு ஆக்கப் போனவள் எங்கே போனேன். நாக்கு என்ன நாக்கு இது, போட்டோவைக் கண்டதும் இவரிடம் போய்விடுகிறது. அந்தப் பெண் டாக்டரிடம் சொல்வாள், இந்தம்மா பயப்படுகிறது என்பாள், போச்சு, என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

ஆனால் பெனிட்டா முகத்தைச் சுளித்துக்கொண்டு காதில் இருக்கிறதைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். "அம்மா, நீங்க மியூட்ல இருக்கீங்க. வாய் அசையறது தெரியுது, சத்தமே வரலை. மைக் மாதிரி ஒரு படம் இருக்கும் பாருங்க, அதைத் தொடுங்க." மைக் மாதிரி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பேசிட்டுத்தானே கண்ணு வர்றேன், என்கிறேன், போனுக்கு மிக அருகில் போய்ச் சொல்கிறேன். அவள் தலையை ஆட்டுகிறாள். அப்புறம் ஆட்டுவது நிற்கிறது. "இருங்க. மிஷின் இரையற சத்தம் எனக்கு நல்லாக் கேக்குதே. நீங்க நடந்த சத்தம் கேட்டுச்சு. நீங்க பேசறது மட்டும்..." அவள் முகம் மாறியது. "அம்மா, உக்காருங்க. மொதல்ல உக்காருங்க. விரல்ல எவ்வளவு காட்டுது?" உட்கார்ந்தேன். எண்பத்திரண்டு காட்டியது, தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். நான் பொய் சொல்ல வாயெடுத்தேன், அதற்கும் சத்தம் வரவில்லை என்பது அப்போதுதான் என் காதுக்கே தெரிந்தது. உதடு போகிறது, வார்த்தை போகிறது, சத்தம் இல்லை. வீட்டில் மிஷின் மட்டும் உர்ரென்று இரைந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் இத்தனை வாரமாக? உப்பு, மோட்டார், பால்காரர், எல்லாம்? ஒரு வார்த்தையாவது வெளியே வந்திருக்குமா? இந்த வீட்டில் இன்னொரு ஜீவன் இருந்திருந்தால் முதல் நாளே, என்ன வாயை மட்டும் அசைக்கிறாய் என்று கேட்டிருக்கும். கேட்க ஆளில்லாததால் ஊமையாக இருந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. "வேகமா ஊதாதீங்க, மெதுவா, மெதுவா" என்கிறாள் பெனிட்டா. ஊதுகிறேன். கண்ணில் தண்ணீர் வருகிறது, அதைத் துடைக்கக்கூட நான் அவளிடம் உத்தரவு கேட்கிற நிலையில் இருக்கிறேன்.

மில்தான். வேறென்ன. இந்த உதடு மில்லில் பழகின உதடு. ஸ்பின்னிங்கில் இழை அறுந்தால் ஒட்டுகிற வேலை எனக்கு, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் மிஷின் வரிசை, அந்த இரைச்சலில் தொண்டையைக் கிழித்துக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் நன்றாக விரித்து அசைப்போம், எதிர்வரிசையில் நிற்பவள் பார்த்துப் படித்துக்கொள்வாள், பஞ்சு பறக்கிற காற்றுக்குள்ளே ஊர்க்கதை முழுக்கச் சத்தமில்லாமல் ஓடும். சூப்பர்வைசரைத் திட்டினால் அவர் முதுகுக்குப் பின்னால் முழு வசவும் திட்டலாம். லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சை அடைக்கும், ஞாயித்துக்கிழமைக் கறியின் கொழுப்பு என்று சூப்பர்வைசர் சொல்வார், உள்ளே போய்க்கொண்டிருந்தது பஞ்சு. ஆறுச்சாமி குரலை நான் கேட்பதற்கு முன்னால் அவர் உதட்டைத்தான் கேட்டேன், என்னைக் கட்டிக்கிறயா என்று கேட்டது அப்படித்தான், சங்கு ஊதி மிஷின் நின்ற பிறகுதான் தெரிந்தது அவருக்கு இவ்வளவு கீச்சுக் குரல் என்று. வீட்டிலும் அதே பழக்கம்தான் எங்களுக்கு. ஒரே அறை, பிள்ளை தூங்குகிறது, எழுப்பக் கூடாது என்று உதட்டாலேயே பேசிக்கொள்வோம். மூச்சு குறைந்ததும் என் உடம்பு என்னைக் கேட்காமலே செலவில்லாத அந்தப் பேச்சுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. பக்கத்தில் மிஷின் ஒன்று இரைந்தால் போதும், அதற்கு மில் ஞாபகம். சட்டத்தை மீறினதுகூடத் தெரியாமல் தினமும் கண் இருட்டுகிற வரைக்கும் நடந்திருக்கிறேன். சரி, தோற்றுவிட்டேன். இனி டாக்டர் சொல்லிவிடுவார், மகள் வந்து தூக்கிப்போவாள், கனெக்‌ஷன் மாறும். ஒன்றே ஒன்றுதான் ஆறுதல், நான் உளறினது யாருக்கும் கேட்கவில்லை.

மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தேன். பெனிட்டாவுக்குக் கீழே, மூலையில், ஒரு சின்னக் கட்டத்தில் சுகந்தி இருந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை. மூக்கு சிவந்திருந்தது.

"எப்பச் சாமி வந்தே?" என்றேன். இப்போது சத்தம் வந்தது, கரகரவென்று.

"நீ வாசப்படியில இருந்து திரும்பறப்பவே வந்துட்டேன்."

அப்போதுதானே பூண்டை விட்டுவிட்டு இவரிடம் பேச ஆரம்பித்தேன். "ஒண்ணும் கேக்கலைல்ல உனக்கு?"

"கேக்கலை" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தேம்மா."

எனக்குச் சட்டென்று தலையில் தண்ணீர் ஊற்றினது போலிருந்தது. பிள்ளை தூங்குகிறது என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அது போர்வைக்குள்ளிருந்து கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே கிடக்கும். தீபாவளிப் பாவாடை என்ன நிறம் என்று வாங்குவதற்கு முன்பே அதற்குத் தெரிந்திருக்கும், யார் சொன்னது என்று நானும் இவரும் சண்டை போட்டுக்கொள்வோம். எங்கள் பேச்சு முழுக்கப் படித்தே வளர்ந்த பிள்ளை. அவளிடமா நான், கேட்கவில்லையே என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போனைக் கவிழ்த்துவிடலாமா என்று கைகூட நீண்டது.

அப்போது சின்னக் கட்டத்தில் சுகந்தியின் உதடு அசைந்தது. சத்தமில்லை. ஆபீஸில் பக்கத்தில் ஆள் இருக்கிறார்களோ என்னவோ. இல்லை, அப்பன் மாதிரியே விரித்து, நிறுத்தி, எனக்காக அசைக்கிறாள். வாம்மா. டாக்டர் சொல்லி இல்லை. எனக்கு நீ வேணும். வீட்டுக்குப் போனா பேச ஆளில்லை, டிவியைப் போட்டு விட்டுட்டு உக்காந்திருக்கேன். நீ வரமாட்டேன்னு பயந்துட்டுத்தான் டாக்டர் மேல பழியைப் போட்டேன்.

நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. மிஷின் இரையுமே, என்றேன் நானும், உதட்டால்.

இரையட்டும். நமக்கென்ன?

அப்ப ஞாயித்துக்கெழமை வண்டி கொண்டா.

சுகந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பெனிட்டா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், மறுபடியும் காதைத் தட்டினாள். "அம்மா, இப்ப அக்கா சத்தமும் போயிருச்சு. நெட் சரியில்லைன்னு நினைக்கறேன். கட் பண்ணிட்டு மறுபடி கூப்பிடட்டுமா?"

"வேண்டாங் கண்ணு, கட் பண்ணீராதே" என்றேன், தொண்டையாலேயே. "எனக்கு நல்லாக் கேக்குது."